ஐக்யூவில் எத்தனை சதவீதம் பரம்பரை?

“அறிவில் 50 சதவீதம் பரம்பரை” என்ற வரி பத்திரிகையிலும் யூட்யூபிலும் வாட்ஸ்அப்பிலும் அடிக்கடி வந்துபோகும். சில இடங்களில் 50 என்பது 80 ஆகியிருக்கும். படித்ததும் நாம் போடும் கணக்கு ஒன்றுதான்: பிள்ளையின் மூளையில் பாதி பெற்றவர்கள் கொடுத்தது, மிச்சப் பாதியில்தான் பள்ளிக்கூடமும் டியூஷனும் ஏதாவது செய்ய முடியும். “புலிக்குப் பிறந்தது பூனையாகுமா” என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு விஞ்ஞானமே ஒத்து ஊதிவிட்ட திருப்தியும் வரும். 50, 80 இரண்டுமே நல்ல ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள்தான். அவற்றை வைத்து நாம் போடும் கணக்குதான் தப்பு.

எண் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டால் தப்பு எங்கே என்பது தெரிந்துவிடும். இரட்டையர்களில் இரண்டு வகை உண்டு. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறப்பவர்களுக்கு மரபணு ஏறக்குறைய முழுக்க ஒன்றே. இரண்டு தனிக் கருக்களாக உருவாகி ஒரே பிரசவத்தில் பிறப்பவர்கள் சாதாரண அண்ணன் தங்கை மாதிரி. ஆளுக்கு ஆள் மாறுபடும் மரபணுக்களில் சராசரியாகப் பாதிதான் இவர்களுக்குப் பொதுவாக இருக்கும். இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே வயதில், ஒரே சோற்றைச் சாப்பிட்டு வளர்கிறார்கள். அப்படியிருந்தும் முதல் வகையினரின் ஐக்யூ, அதாவது அறிவுச் சோதனை மதிப்பெண், கூடுதலாக ஒத்துப்போனால், அந்தக் கூடுதல் மரபணுவால் வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்க உளவியலாளர்கள் தாமஸ் பௌச்சார்டும் மாட் மெக்யூவும் 1981-ல் அதுவரை வந்திருந்த 111 ஆய்வுகளைத் தொகுத்து ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். முழுப் பொருத்தத்துக்கு 1, பொருத்தமே இல்லாததற்கு 0 என்று வைத்தால், ஒரு கரு இரட்டையர்களுக்கு 0.86, இரு கரு இரட்டையர்களுக்கு 0.60. வித்தியாசம் 0.26. இரு வகைக்கும் இடையே மரபணுப் பொருத்தத்தில் உள்ள வித்தியாசம் பாதிதான் என்பதால் இதை இரண்டால் பெருக்க வேண்டும். 0.52. “50 சதவீதம்” பிறந்த கதை அவ்வளவுதான். (அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் பிள்ளைகளை வீட்டிலும் வெளியிலும் கூடுதலாக ஒரே மாதிரி நடத்துகிறார்களே, அதை எங்கே கழிப்பது என்ற சண்டை தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது.)

இந்தக் கணக்கில் தனிப்பிள்ளை யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து வருகிறது என்பதை மட்டுமே அது அளக்கிறது. ஒருவருடைய அறிவில் எவ்வளவு பரம்பரை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கையில் ஐந்து விரல் வருவது முழுக்க முழுக்க மரபணுவின் வேலை. ஆனால் பெரியவர்களை வரிசையாக நிறுத்தி விரல் எண்ணிக்கையின் பரம்பரைப் பங்கைக் கணக்கிட்டால் ஏறக்குறைய சைபர்தான் வரும். விரல் குறைந்தவர்களில் பெரும்பாலோர் மெஷினிலோ விபத்திலோ இழந்தவர்கள்.

எதிர்த்திசையிலும் இதே கூத்து நடக்கும். அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் நெட் பிளாக் இதற்குக் காதணியை உதாரணமாகச் சொன்னார். நம் ஊருக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்தும். தாத்தா காலத்தில் பல வீடுகளில் ஆண்கள் கடுக்கன் போட்டிருந்தார்கள், பெண்கள் தோடு போட்டிருந்தார்கள். யார் காதில் நகை என்பதற்கும் எக்ஸ், ஒய் குரோமோசோம்களுக்கும் அன்று பெரிய சம்பந்தம் இல்லை. அப்புறம் ஆண்கள் கழற்றிவிட்டார்கள். அந்தத் தலைமுறையில் அளந்திருந்தால் காது நகையின் பரம்பரைப் பங்கு 100 சதவீதத்தை நெருங்கியிருக்கும். இப்போது காலேஜ் பையன்கள் மறுபடி காது குத்திக்கொள்கிறார்கள், எண் இறங்கும். மூன்று காலத்திலும் மரபணு அதேதான்.

சரி, 80 எங்கிருந்து வருகிறது? வயதிலிருந்து. நான்கு நாடுகளைச் சேர்ந்த 11,000 ஜோடி இரட்டையர்களை வைத்து 2010-ல் வந்த ஆய்வில் பரம்பரைப் பங்கு 9 வயதில் 41 சதவீதம், 12 வயதில் 55, 17 வயதில் 66. பெரியவர்களிடம் இன்னும் கூடுகிறது. முதன்முதலில் கேட்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். வயது ஏற ஏற அனுபவம் அல்லவா சேர்ந்துகொண்டே போகிறது? சின்ன வயதில் பிள்ளையின் உலகத்தைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கிறார்கள். வளர வளரப் பிள்ளை தானே தேர்ந்தெடுக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிப்பது கொஞ்சம் சுலபமாக வரும் குழந்தை புத்தகத்தைக் கூடுதலாகத் தொடும், டீச்சர் அதைத்தான் எழுப்பிப் படிக்கச் சொல்வார், நண்பர்களும் அப்படியே அமைவார்கள். பிறப்பில் கடுகளவு இருந்த வித்தியாசம் பத்து வருடப் பழக்கத்தில் பெரிதாகிறது. அளந்து பார்ப்பவர் அந்த மொத்தத்தையும் மரபணுவின் கணக்கில் எழுதிவிடுகிறார். வேலையைச் செய்தது என்னவோ சூழல்தான், அதை இழுத்து வந்தது மரபணு. “சித்திரமும் கைப்பழக்கம்” என்பவரும் “விளையும் பயிர் முளையிலே தெரியும்” என்பவரும் இங்கே ஒரே நேரத்தில் சரி.

சென்னை வீடு ஒன்றைப் பார்க்கலாம். 2023 டிசம்பரில் வைஷாலி கிராண்ட்மாஸ்டர் ஆனபோது, அவரும் தம்பி பிரக்ஞானந்தாவும் உலகின் முதல் அக்கா–தம்பி கிராண்ட்மாஸ்டர்கள் ஆனார்கள். டி.வி. பார்ப்பதைக் குறைக்கத்தான் அக்காவைச் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். அவரைப் பார்த்துத் தம்பியும் பலகை முன் உட்கார்ந்தார். அப்பா வங்கி ஊழியர். இது ரத்தமா, வளர்ப்பா? இருவருக்கும் மரபணுவில் பாதி பொது. வீடு, பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ், போட்டி போட்டியாக ஊர் ஊராகக் கூடவே போன அம்மா, எல்லாமும் பொது. இந்த ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு எந்த விஞ்ஞானியாலும் இரண்டையும் பிரிக்க முடியாது.

புடாபெஸ்டில் லாஸ்லோ போல்கார் என்பவர், மேதைகள் பிறப்பதில்லை, உருவாக்கப்படுகிறார்கள் என்று நிரூபிக்கவே தன் மூன்று மகள்களை வீட்டில் வைத்துச் செஸ் சொல்லிக்கொடுத்து வளர்த்தார். கடைக்குட்டி யூதித் 1991-ல் 15 வயதில் கிராண்ட்மாஸ்டராகி, மிக இளவயது கிராண்ட்மாஸ்டர் என்ற பாபி ஃபிஷரின் சாதனையை உடைத்தார். அசத்தல்தான். ஆனால் சோதனை என்று பார்த்தால் ஓட்டை: வளர்ப்பு மட்டுமல்ல, மரபணுவும் அதே அப்பாவுடையது.

குடும்பத்தை விட்டு நாட்டைப் பார்த்தால் விடை கொஞ்சம் தெளிகிறது. 1988-ல் விசுவநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். இன்று 80-க்கு மேல், அதில் தமிழ்நாட்டுக்காரர்கள் மட்டுமே 30-க்கு மேல். இடைப்பட்ட காலத்தில் தமிழர்களின் மரபணுவில் எதுவும் நடந்துவிடவில்லை. பயிற்சி மையங்கள் வந்தன, கம்ப்யூட்டர் வந்தது, ஆனந்தைப் பார்த்துப் பெற்றோருக்குத் தைரியம் வந்தது. செஸ் வேறு, அறிவு வேறு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கூட்டத்துக்குள் யார் முந்துகிறார் என்பதும், மொத்தக் கூட்டமும் எவ்வளவு உயர்கிறது என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதை இதைவிடப் பளிச்சென்று காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

உயரத்திலும் இதே கதைதான். வசதியான நாடுகளில் உயரத்தின் பரம்பரைப் பங்கு சுமார் 80 சதவீதம், ஐக்யூவைவிட அதிகம். ஆனாலும் நூறு வருடத்தில் தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் 20 சென்டிமீட்டர் கூடிவிட்டது. நியூசிலாந்தில் பணியாற்றிய ஜேம்ஸ் ஃபிளின் 1980-களில் காட்டியபடி, ஐக்யூ மதிப்பெண்களும் பல நாடுகளில் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி வீதம் ஏறிக்கொண்டே வந்தன. நார்வேயில் 1970-களின் நடுவில் பிறந்தவர்களிலிருந்து அது இறங்க ஆரம்பித்தது. ஏற்றமும் சரி, இறக்கமும் சரி, ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிகளுக்கு இடையிலேயே தெரிந்தது என்று 2018-ல் அந்நாட்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரே அம்மா அப்பாவின் பிள்ளைகள் அவர்கள்; பிறந்த வருடம்தான் வேறு. அங்கே மரபணுவைக் காரணம் காட்ட வழியில்லை.

“அவங்க ரத்தத்திலேயே படிப்பு இருக்கு” என்று ஜாதியைச் சுட்டிப் பேசும் பேச்சு நம்மிடம் இன்னும் ஓயவில்லை. 1951-ல் தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். 2011-ல் ஐந்தில் நான்கு பேர். அறுபது வருடத்தில் ரத்தம் மாறாது. ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் பரம்பரைப் பங்கு 80 சதவீதமாகவே இருந்தாலும், இரண்டு கூட்டங்களுக்கு இடையிலான இடைவெளி முழுக்கச் சூழலால் வந்ததாக இருக்கலாம். கொரியப் பாட்டிக்கும் பேத்திக்கும் இடையிலான அந்த 20 சென்டிமீட்டர் அப்படி வந்ததுதான்.

இந்தத் தவறான கணக்கை வைத்துப் பிள்ளைகளின் தலையெழுத்தையே எழுதியவர்கள் உண்டு. பிரிட்டிஷ் அறிஞர் ஃபிரான்சிஸ் கால்டன் 1869-ல், பேர்பெற்ற நீதிபதிகளின் சொந்தக்காரர்களும் பேர்பெற்றவர்களாக இருப்பதைக் காட்டி, மேதைமை ரத்தத்தில் ஓடுகிறது என்றார். நீதிபதி வீட்டுப் பிள்ளைக்கு எந்தக் கதவெல்லாம் தானாகத் திறக்கும் என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாரிஸில் உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே 1905-ல் முதல் அறிவுச் சோதனையை அமைத்தது, வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் கூடுதல் உதவி கொடுப்பதற்காக. ஒருவரின் அறிவு கூட்டவே முடியாத நிலையான அளவு என்ற பேச்சை அவர் வெளிப்படையாக எதிர்த்தார். சோதனை கடல் தாண்டிப் போனது, எதிர்ப்பு போகவில்லை.

பிரிட்டனில் உளவியலாளர் சிரில் பர்ட், தனித்தனியே வளர்ந்த இரட்டையர்களைத் தேடிக் கண்டுபிடித்து அளந்ததாக எழுதினார். 1955-ல் 21 ஜோடி, பொருத்தம் 0.771. 1958-ல் 30-க்கு மேல், 0.771. 1966-ல் 53 ஜோடி, அப்போதும் 0.771. ஆட்கள் இரண்டு மடங்குக்கு மேல் கூடியும் மூன்றாவது தசம இடம்கூட அசையவில்லை. அவர் 1971-ல் இறந்த பிறகு லியான் காமின் என்ற உளவியலாளர் இதைச் சுட்டிக்காட்டினார். எண்களே இட்டுக்கட்டியவையோ என்று அப்புறம் விஷயம் நாறியது. பர்ட்டுக்காக வாதாடுபவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அந்த எண்களை இப்போது யாரும் ஆதாரமாக எடுப்பதில்லை. 11 வயதில் ஒரே பரீட்சை வைத்துப் பிள்ளைகளை வேறு வேறு பள்ளிகளுக்குப் பிரித்தனுப்பிய பிரிட்டிஷ் ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்த சிந்தனையில் பர்ட்டின் பங்கு பெரியது.

பரம்பரை என்றால் மாற்ற முடியாது என்ற எண்ணத்தை உடைக்க ஒரு நோய் போதும். 1934-ல் ஆஸ்லோவில் ஒரு தாய், மூளை வளர்ச்சி நின்றுபோன தன் மகளையும் மகனையும் டாக்டர் அஸ்பியோர்ன் ஃபோலிங்கிடம் காட்டினார். பார்த்த டாக்டர்கள் யாருக்கும் காரணம் தெரியவில்லை. பிள்ளைகளிடம் ஒரு விசித்திரமான வாடை வீசுகிறது என்பதை அந்தத் தாய்தான் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஃபோலிங் வேதியியலும் படித்தவர். சிறுநீரில் பெர்ரிக் குளோரைடு என்ற ரசாயனத்தை விட்டார், பச்சை நிறம் வந்தது. வழக்கமாக வராத நிறம். என்ன பொருள் என்று பிரித்தெடுத்த பிறகு, மனவளர்ச்சி குன்றியோர் விடுதிகளில் இருந்த 430 பேரைச் சோதித்தார். எட்டுப் பேரிடம் அதே பச்சை.

இன்று ஃபீனைல்கீட்டோனூரியா என்று சொல்லப்படும் நோய் அது. உணவின் புரதத்தில் உள்ள ஃபீனைல்அலனின் என்ற பொருளை உடைக்கும் நொதி கல்லீரலில் சரியாக வேலை செய்யாது. அந்தப் பொருள் ரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைக் கெடுக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவின் ஒவ்வொரு நகல் வந்தால்தான் நோய் வரும். இந்த வகை நோய்கள் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் கூடுதலாக வருவதற்கும் அதுதான் காரணம். கவனிக்காமல் விட்டால் ஐக்யூ பெரும்பாலும் 50-க்குக் கீழே போய்விடும். முழுக்கப் பரம்பரை.

1950-களின் தொடக்கத்தில் பர்மிங்காமில் டாக்டர் ஹோர்ஸ்ட் பிக்கல் ஃபீனைல்அலனின் நீக்கிய உணவைத் தயாரித்து இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்குக் கொடுத்தார். படுத்தே கிடந்த குழந்தை தவழ்ந்தது, எழுந்து நின்றது. நீக்கிய பொருளை மறுபடி உணவில் சேர்த்ததும் சில நாட்களில் பழைய நிலைக்குச் சரிந்தது. 1960-களில் ராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, காகிதத்தில் ஊறவைத்த ஒரு சொட்டு ரத்தத்திலேயே இதைக் கண்டுபிடிக்க வழி செய்தார். முதல் சில வாரங்களிலேயே கண்டுபிடித்து, பால், பருப்பு, முட்டை, இறைச்சியை அளந்து கட்டுப்படுத்தி, அதற்கென்று உள்ள புரதப் பவுடரைக் கொடுத்து வளர்த்தால் குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலவே படிக்கும். மரபணு இன்றும் பழுதாகத்தான் இருக்கிறது. நம்மூரில் இதைவிட அடிக்கடி வரும் பிறவித் தைராய்டு குறைபாட்டையும் அதே குதிகால் ரத்தத்தில் பிடிக்கலாம். மருந்து, தைராக்சின் மாத்திரை. இந்தியாவில் இந்தச் சோதனை இன்னும் எல்லாப் பிரசவங்களுக்கும் நடப்பதில்லை, கேட்டுச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சூழல் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு ருமேனியா சாட்சி. அந்நாட்டுச் சர்வாதிகாரி செளஷெஸ்குவின் ஆட்சி விட்டுச்சென்ற அநாதை விடுதிகளில் இருந்த 136 சின்னக் குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, மீதிப் பேரோடு ஒப்பிட்டார்கள் அமெரிக்க ஆய்வாளர்கள். நாலரை வயதில் விடுதிக் குழந்தைகளின் சராசரி ஐக்யூ 73, வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களுக்கு 81, பிறந்ததிலிருந்து சொந்த வீட்டிலேயே வளர்ந்த உள்ளூர்க் குழந்தைகளுக்கு 109. சீக்கிரம் போனவர்கள்தான் கூடுதலாகத் தேறினார்கள். விடுதியில் சோறு இருந்தது. கைக்குழந்தையின் முகம் பார்த்துப் பேச ஆள் இல்லை.

இங்கேதான் அந்தச் சதவீதத்தின் உண்மையான குணம் தெரிகிறது. அமெரிக்க உளவியலாளர் எரிக் டர்க்ஹைமர் 2003-ல், அமெரிக்காவின் 7 வயது இரட்டையர்களைக் குடும்ப வசதிப்படி பிரித்துப் பார்த்தார். வசதியான வீடுகளில் பரம்பரைப் பங்கு 70 சதவீதத்தைத் தாண்டியது. ஏழை வீடுகளில் 10 சதவீதம்தான். ஏழை வீட்டில் பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசத்தை வறுமையே தீர்மானித்துவிடுகிறது, மரபணு தலைகாட்ட இடமில்லை. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பார்த்தபோது இந்த வித்தியாசம் தென்படவில்லை. அங்கே ஏழைக்கும் மருத்துவமும் பள்ளியும் ஓரளவு ஒழுங்காகக் கிடைப்பது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் ஒரு நாடு தன் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே தரத்தில் உணவும் பள்ளியும் கொடுத்தால் பரம்பரைப் பங்கு ஏறத்தான் செய்யும், ஏனென்றால் மிச்சம் இருக்கும் வித்தியாசம் அதுதான். பெரிய எண்ணைக் கண்டு “இனிச் செலவு செய்து என்ன பயன்” என்பவர், செய்த செலவு பலித்ததைக் காட்டும் எண்ணையே அதற்கு எதிராகத் திருப்புகிறார்.

மரபணுவையே நேரடியாகப் படிக்கும் காலம் வந்த பிறகு விஷயம் இன்னும் சுவாரசியமாகிவிட்டது. 2018-ல் 2,69,867 பேரை வைத்துச் செய்த ஆய்வில் அறிவோடு தொடர்புள்ளவை என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின் பங்கும் துளியூண்டு. எல்லாவற்றையும் கூட்டினாலும் விளக்க முடிந்தது ஆளுக்கு ஆள் வித்தியாசத்தில் 5 சதவீதம் வரைதான். ‘அறிவு மரபணு’ என்று ஒன்றைத் தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அதே வருடம் ஐஸ்லாந்தில் அகஸ்டின் காங் குழுவினர் கண்டது இன்னும் விசேஷம். பெற்றோரின் மரபணுவில் பாதிதான் பிள்ளைக்கு வருகிறது, மறு பாதி வருவதில்லை. அந்த வராத பாதியும் பிள்ளை எவ்வளவு படிக்கிறது என்பதோடு ஒத்துப்போனது, வந்த பாதிக்கு இருக்கும் பலத்தில் சுமார் 30 சதவீதம் அளவுக்கு. வராத மரபணு பிள்ளையின் உடம்பில் எதுவும் செய்ய முடியாது. அது அம்மா அப்பாவை ஒரு விதமாக ஆக்குகிறது, அவர்கள் வீட்டை ஒரு விதமாக நடத்துகிறார்கள், அந்த வீட்டில் பிள்ளை வளர்கிறது. இதைப் பரம்பரை என்று எழுதுவதா, சூழல் என்று எழுதுவதா? “நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை” என்று சொல்லும்போது நாமும் எது என்று பிரித்துச் சொல்வதில்லை.

இவ்வளவு தெரிந்த பிறகும் அமெரிக்காவில் சில நிறுவனங்கள், ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்) முறையில் உருவான கருக்களுக்கு அறிவு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தித் தருகிறோம் என்று கடை விரித்திருக்கின்றன. கையில் உள்ள மரபணுக் கணக்குகளை வைத்து இதை 2019-ல் சோதித்துப் பார்த்தவர்கள், அதிக மதிப்பெண் பெற்ற கருவைத் தேர்ந்தெடுப்பதால் சராசரியாகக் கிடைக்கக்கூடியது இரண்டரை ஐக்யூ புள்ளி என்றார்கள். ஒரு வருடம் கூடுதலாகப் பள்ளிக்குப் போனால் 1 முதல் 5 புள்ளி வரை கூடுகிறது என்று 6 லட்சம் பேரின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு சொல்கிறது.

அயோடின் கடுமையாகக் குறைந்த பகுதிகளில் வளரும் பிள்ளைகள் இழப்பது 10 புள்ளிக்கும் மேல். அதைத் தடுக்கத் தேவையானது அயோடின் கலந்த உப்பு மட்டும்தான். 2018-19-ல் எடுத்த இந்திய அயோடின் சர்வேயில் போதிய அயோடின் உள்ள உப்பு நாடு முழுக்க 76.3 சதவீத வீடுகளில் இருந்தது. தமிழ்நாட்டில் 61.9 சதவீதம், மாநிலங்களில் கடைசி இடம். தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பு விளையும் மாநிலம் இது. உப்பளத்திலிருந்து நேராக மூட்டையில் வரும் அயோடின் கலக்காத கல்லுப்பு இங்கே சுலபமாகக் கிடைக்கிறது, குழம்புக்கு அதுதான் ருசி என்ற பேச்சும் இருக்கிறது. அயோடின் கலந்த கல்லுப்பே கடையில் இருக்கிறது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். கருவின் மூளைக்கு அயோடின் மிகவும் தேவைப்படுவது கர்ப்பத்தின் முதல் மாதங்களில். பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே அந்தக் காலம் தொடங்கிவிடுகிறது.